பதினெட்டு மீற்றர் கோடு

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்த மகள், சப்பாத்தைக் கழற்றாமலே அடுப்படிக்குள் வந்து நின்றாள்.

சப்பாத்தோடு உள்ளே வருகிற பிள்ளை இல்லை அவள். பஸ்ஸில் யாரும் ஏதும் சொல்லிவிட்டார்களோ, பாதையில் மறித்தார்களோ, பொலிஸ் மறுபடி வந்திருக்கிறதோ என்று ஒரு நொடிக்குள் எத்தனை எண்ணம் வருமோ அத்தனையும் வந்தது. கையெல்லாம் ரொட்டி மாவு. கழுவவும் தோன்றவில்லை.

"அம்மா, அந்தக் கோடு எவ்வளவு நீளம்?"

"எந்தக் கோடு?" என்றேன். தெரியாமல் கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கோடு என்றால் ஒன்றுதான்.

"ரோட்டுல இருக்கே, அது. பொலிஸ் அளந்தப்ப பதினெட்டுன்னுதானே சொன்னாங்க?"

உள்ளே சுவரோரம் பாயில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் இருமினார். தூங்கவில்லை என்று தெரிவிக்கிற இருமல்.

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தாம்மா பேசுறேன்," என்றாள் தர்ஷினி. "பதினெட்டுதானே? சொல்லும்மா."

எழுதுவதா, விடுவதா

போன கிழமை இந்தப் பத்தியில் என் கல்யாணத்தன்று பெய்த மழையைப் பற்றி எழுதினேன். சிரிப்பாக இருந்ததாக இரண்டு பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்தக் கிழமை சிரிப்பு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். வழக்கு இன்னும் அட்டன் கோர்ட்டில் தவணை மேல் தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது. எழுதி அதனால் ஏதாவது வந்துவிட்டால்? எழுதாமல் விட்டு, ஊரில் பேசுவதே நிலைத்துவிட்டால்? அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். இதை எப்படித் தனியாக முடிவு செய்வேன்?

என் வீட்டுக்காரரிடமே கேட்டேன். "நடந்ததத்தான எழுதப் போற? எழுது," என்றார். அதோடு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொழுந்து லொறி

என் வீட்டுக்காரர் பெயர் சந்திரன். எங்கள் தோட்டம் டிக்கோயாப் பக்கம். அவர் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினார்.

தோட்டத்தில் இல்லாதவர்களுக்கு அந்த லொறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுப்பார்கள். மடுவம் என்றால் பாதையோரத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. நிறுத்து முடிந்ததும் லொறி வந்து சாக்குகளை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்கு இறங்கும். கொழுந்து சாக்குக்குள் அதிக நேரம் கிடந்தால் சூடேறிவிடும். சூடேறினால் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தைக் கண்டால் ஃபெக்டரியில் ஏசுவார்கள். அந்த ஏச்சு மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவுக்கு வரும், அவரிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து டிரைவருக்கு. டிரைவருக்குக் கீழே லொறி மட்டும்தான்.

அதே லொறிதான் எங்களுக்கு ஆஸ்பத்திரி வண்டியும். தர்ஷினி பிறந்தது அதில்தான் என்று சொல்ல வேண்டும். டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கும்போதே தலை தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாக்குகளுக்கு நடுவில் என் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தவள் லெட்சுமியக்கா. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருந்தவள். கூடப் பிறக்காத அக்கா.

லெட்சுமியக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மடுவத்துக்கு லொறி வரத் தாமதமானால் எல்லோருக்கும் முன்னால் நின்று அவளே ஆரம்பிப்பாள்.

"என்னா சந்திரா, லொறி ஓட்டிக்கிட்டு வந்தியா, இல்ல தள்ளிக்கிட்டு வந்தியா?"

"ரோட்டப் பாத்துத்தானக்கா வரணும்."

"ரோடு எங்கயும் ஓடிப் போயிறாது. கொழுந்துதான் செவந்து போவுது. எங்கூட்டுக் கோழி நடந்தே இதுக்குள்ள வந்திருக்கும்!"

பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். குளிரில் சாக்கோடு நின்று கால் மரத்துப் போனவர்களுக்கு அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

வளைவு

பனிக்காலம். பகலெல்லாம் வெயில் அடித்து, நாலு மணிக்கு மேல் திடீரென்று குளிர் இறங்குகிற நாட்கள். மழை பெய்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. புதிதாகப் போட்ட கொங்கிரீட் ரோடு வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது.

அன்று இரண்டாவது நடை. லொறி கொழுந்தோடு இறங்குகிறது. லெட்சுமியக்கா நிறுத்து முடித்து, வெறும் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ரோட்டில் நடந்து போகிறாள். கம்பளி காதை மூடியிருந்தது என்கிறார்கள். வளைவில் திரும்பியதும் அவர் கண்டார். பிரேக்கை மிதித்தார்.

நான் மடுவத்தில் இருந்தேன். சத்தம்தான் கேட்டது. தகரத்தை யாரோ ரோட்டில் போட்டு இழுத்த மாதிரி. அது நிற்கவே இல்லை போல இருந்தது. பிறகு நின்றது. நான் ஓடினேன்.

அவர் கொழுந்துச் சாக்குகளைப் பாதையோரத்தில் தள்ளிவிட்டு, அதே லொறியில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். வேறு வண்டி இல்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது நான். இதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி எழுத முடியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது ரோட்டில் அந்தக் கோடு இருந்தது. வெள்ளைக் கொங்கிரீட்டில் கறுப்பாக, டயர் அகலத்தில், வளைவிலிருந்து கீழே. அவள் அடிபட்ட இடத்தில் யாரோ சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். கோடு வட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது.

ஒன்றுக்கு ஐந்து

எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்காத ஆள் இல்லை.

லொறியின் வேக முள் செத்து வருசக் கணக்காகிறது. ஆகவே அவருக்கும் தெரியாது. "இருபத்தஞ்சுக்கு மேல போகல," என்றார் பொலிசில். "முள்ளு வேல செய்யலன்னா எப்பிடித் தெரியும்?" என்றதற்கு, "ஸ்டேரிங் புடிச்ச கைக்குத் தெரியாதுங்களா?" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து என்று உண்மையாகவே நம்பினார். மடுவத்துக்கு மேலே உள்ள வேக எல்லைப் பலகையிலும் அதுதான் எழுதியிருக்கிறது.

சில நாள் கழித்து வண்டி பரிசோதிக்கிற ஐயா ஒருவர் பொலிசோடு வந்தார். ஜீப்பை முன்னால் மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்தில் விட்டு, லொறியை அதன் பின்னாலேயே அதே வேகத்தில் ஓட்டி வந்து, அதே இறக்கத்தில் சட்டென்று பிரேக் போட்டுப் பார்த்தார்கள். லயமே நின்று வேடிக்கை பார்த்தது. நாடாவைப் பிடித்து அளந்தார்கள். புதுக் கோடு நாலு மீற்றர். பழைய கோட்டையும் அளந்தார்கள்.

"தஹ அட்டய்," என்றார் சார்ஜன்ட். பதினெட்டு. அது எல்லோருக்கும் விளங்கியது. கோடு தொடங்கிய இடத்திலிருந்து சுண்ணாம்பு வட்டம் பத்து மீற்றர். அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வேகம் எவ்வளவு என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அறிக்கை கோர்ட்டுக்குப் போகுமாம்.

ஜீப் திரும்பியதும் ராமையா கங்காணி தொடங்கினார். எங்களுக்குக் கொழுந்து நிறுக்கிறவர் அவர்தான். தராசு முள் நிற்கும் முன்பே கணக்குச் சொல்லிவிடுகிற ஆள்.

"இதுக்கு எதுக்குக் கோர்ட்டு? நாலு மீற்றருக்கு இருபது. ஒண்ணுக்கு அஞ்சு. பதினெட்டுக்கு அஞ்சு, தொண்ணூறு. முடிஞ்சுது கணக்கு."

"தொண்ணூறா!" என்று யாரோ வாயில் கை வைத்தார்கள்.

"தொண்ணூறு! லொறியா அது, ரொக்கெட்டு! கொழும்பு ஹைவேயில போற வேகம்!"

அன்று சாயந்தரத்துக்குள் தொண்ணூறு எல்லாக் காம்பராவுக்கும் போய்விட்டது. நாங்கள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் நிற்கிறவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வாலிபப் பிள்ளைகள் எங்கள் வாசலைக் கடக்கும்போது, "தொண்ணூறு வருது, வழி விடு," என்பார்கள். தோட்டத்தில் விசாரணை வைக்கப்போவதாகத் தொர, தோட்டத்து மனேஜர், சொல்லியனுப்பியிருந்தார். தொண்ணூறு என்று அங்கே எழுதப்பட்டால் வேலை போகும். வேலை போனாலும் எங்காவது கூலிக்குப் போய்ப் பிழைக்கலாம். நாலு காம்பரா தள்ளி ஒரு சாவு வீடு இருக்க, கொலைகாரன் என்ற பெயரோடு எப்படி அந்த லயத்தில் இருப்பது? வேறு எங்கே போவது? எனக்கு உறக்கம் விட்டுப் போனது. கதவுக்கு வெளியே இலை விழுந்தாலும் யாரோ அடிக்க வருகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். தொண்ணூறை நானும் நம்பினேன்.

எனக்குத் தெரிந்த கணக்கு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு நெஞ்சு நோய், தம்பி கைப்பிள்ளை. ஒரு தவணை லீவு முடிந்து எல்லோரும் பள்ளிக்கூடம் போனார்கள், நான் மலைக்குப் போனேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது தராசுதான். இரண்டு மடங்கு பறித்தால் இரண்டு மடங்கு நிறை. குறித்த அளவு எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். மூன்று பெண்கள் ஒரு நிரையை முடிக்கிற நேரத்தில் ஆறு பெண்கள் இரண்டு நிரை முடிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் வளைந்து போவது ரோடு மட்டும்தான். கணக்கெல்லாம் நேர்.

அதனால் ராமையா கங்காணியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு கணக்கு அவரைக் கைவிட்டதில்லை. டயர் கோடும் கொழுந்து மாதிரி என்று நினைத்துவிட்டார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம்.

கரும்பலகை

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

தர்ஷினி பதினோராம் வகுப்பு. அட்டனில் கணித வகுப்புக்குப் போகிறாள். நடத்துகிற சேர் யாழ்ப்பாணத்துக்காரர், வந்து கொஞ்ச காலம்தான். அவருக்கு எங்கள் தோட்டத்து விசயம் எதுவும் தெரியாது. அன்று நேர்மாறல் பாடம், ஒன்று ஏறினால் மற்றது எவ்வளவு ஏறும் என்பது. கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினாராம். பிரேக் போட்டதும் வாகனம் விடுகிற கோட்டின் நீளம் இவ்வளவு என்றால், அது வந்த வேகம் என்ன?

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி இவளைப் பார்த்தார்களாம்.

"என்ன பிள்ளையள், பலகையப் பாக்காமல் அங்க என்ன பாக்கிறியள்?" என்று கேட்டிருக்கிறார் சேர். எல்லோரும் குனிந்து கொப்பியைப் பார்த்தார்களாம். அவரும் விட்டுவிட்டுக் கணக்கைச் செய்து காட்டியிருக்கிறார்.

"அழுதியா?" என்று கேட்டேன்.

"அழல. எழுதிக்கிட்டு வந்தேன்." சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சிமெந்துத் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, கங்காணித் தாத்தா போட்டது பிழை."

"சத்தம் போடாத."

"பிழைம்மா! வேகமும் கோடும் ஒண்ணா ஏறாது. வேகம் ரெண்டு மடங்கானா கோடு நாலு மடங்காகும். மூணு மடங்கானா கோடு ஒம்பது மடங்கு. அப்ப கோட்டுல இருந்து வேகத்தக் கண்டுபிடிக்கணும்னா வர்க்கமூலம் எடுக்கணும்."

எனக்கு வர்க்கமூலம் எட்டாம் வகுப்பில் காதில் விழுந்த சொல். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"நாலு எப்பிடி வரும்? ரெண்டையும் ரெண்டையும் பெருக்குனா வரும். அப்ப நாலோட வர்க்கமூலம் ரெண்டு. ஒம்பதோடது மூணு. பதினாறோடது நாலு. சரியா?"

"சரி."

"வேகம் வந்து, கோட்டோட வர்க்கமூலத்த ஒரு எண்ணால பெருக்குனா வரும். அந்த எண்ணு மாறாது, மாறிலின்னு பேரு. அதே ரோடு, அதே லொறி, அதே டயருன்னா அதே எண்ணு. அத மொதல்ல கண்டுபிடிக்கணும். பொலிஸ் ஓட்டிப் பாத்தது இருபது. கோடு நாலு. நாலோட வர்க்கமூலம் ரெண்டு. ரெண்ட எதால பெருக்குனா இருபது வரும்?"

"பத்தால."

"அவ்வளவுதான். மாறிலி பத்து." தரையில் பத்து என்று எழுதி வட்டம் போட்டாள். "இனிப் பதினெட்டோட வர்க்கமூலத்தப் பத்தால பெருக்கணும்."

"பதினெட்டு எந்த ரெண்டப் பெருக்குனா வரும்?"

"அதான் முழுசா வராது. நாலையும் நாலையும் பெருக்குனா பதினாறு. அஞ்சையும் அஞ்சையும் பெருக்குனா இருபத்தஞ்சு. நடுவுல எங்கயோ இருக்கு. வகுப்புல குடுக்குற கணக்கெல்லாம் முழுசா வரும்மா. இது வரல." பெருக்கிப் பெருக்கிப் பார்த்தாள். நாலு தசம் இரண்டில் குறைந்தது. நாலு தசம் மூன்றில் கூடியது. நாலு தசம் இரண்டு நாலில் ஏறக்குறைய நின்றது. "பத்தால பெருக்குனா நாப்பத்திரண்டு. கொஞ்சம் மேல. தொண்ணூறு இல்ல."

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசம் வந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். "நிச்சயமாவா? நீ உங்கப்பாவுக்காகக் கொறைச்சுப் போடலியே?"

"நீயே திருப்பிப் பாரு. தொண்ணூறுல வந்திருந்தா கோடு எவ்வளவு நீளம் இருக்கணும்? தொண்ணூறப் பத்தால பிரிச்சா ஒம்பது. ஒம்பதையும் ஒம்பதையும் பெருக்கு. எண்பத்தொண்ணு! எண்பத்தொரு மீற்றர் கோடு இருக்கணும். வளைவுல இருந்து எண்பத்தொரு மீற்றர்னா எங்க போகும்?"

வளைவுக்குக் கீழே அவ்வளவு நேர் ரோடு இல்லை. ரோடு முடிந்து, தேயிலை முடிந்து, ஆறு வந்துவிடும்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கை மாவு முகமெல்லாம் ஒட்டியது.

அப்போதுதான் அவர் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தரையைப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டா?"

"ஆமாப்பா. தொண்ணூறு இல்ல."

"நாப்பத்திரண்டு," என்றார் மறுபடி. தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கும் மகளுக்கும் தொண்ணூறு போனது தெரிந்தது. அவருக்கு இருபத்தைந்து போனது தெரிந்தது. அன்று அது எனக்கு விளங்கவில்லை. அவர் ஏன் சந்தோசப்படவில்லை என்று கோபம்கூட வந்தது.

விசாரணை

எங்கள் தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கத்துக்காரர், கணக்கைக் கேட்டுவிட்டு மறுநாளே மகளையும் கூட்டிக்கொண்டு அட்டனுக்குப் போனார். சேர் விசயம் அறிந்ததும் முகம் மாறிப் போனாராம். "எனக்கு உது தெரியாது பிள்ளை. தெரிஞ்சிருந்தால் அந்தக் கணக்கை எழுதியிருக்க மாட்டன்," என்றாராம். பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை செய்தது சரி. ஆனா ஒரே ஒருக்கா ஓட்டிப் பாத்த அளவு இது. கோர்ட்டில என்ன சொல்லுவினமோ எனக்குத் தெரியாது," என்று சொல்லி அனுப்பினார்.

விசாரணையில் என்ன நடந்தது என்று தலைவர் வந்து சொன்னார். சொன்னதை லயமே கேட்டது. அவருக்குத் தொண்டை பெரிசு.

"நான் தொரகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். தொண்ணூறுன்னு சொல்றீங்களே, எண்பத்தொரு மீற்றர் கோடு எங்கங்க இருக்கு, காட்டுங்கன்னேன். மனுசன் பேனாவ மூடி வச்சிட்டாரு!"

ராமையா கங்காணியும் அங்கே நின்றார். தலையைச் சொறிந்துகொண்டு, "எண்பத்தொண்ணுன்னா லொறி ஆத்துலல்ல குளிச்சிருக்கணும்," என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போகும்போது என்னிடம், "தராசு வேற, இது வேற போல இருக்கு தாயி," என்றார்.

வழக்கு முடியும் வரை லொறி கிடையாது, ஃபெக்டரியில் விறகுக் கொட்டகையில் வேலை என்று முடிவானது. பீலியில் குடத்தை நகர்த்தியவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள். சீனி கேட்டு ஒருத்தி வந்தாள். எனக்கு இரண்டு நாள் உறக்கம் வந்தது.

பெருமாள் மாமா

மூன்றாம் நாள் வந்தவர் லெட்சுமியக்காவின் புருசன், பெருமாள் மாமா.

வேலை விட்டு வந்து, முகம் கழுவி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். சாவுக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு அவர் வந்ததே இல்லை. அடிக்க வந்தவர் சட்டை மாற்றிக்கொண்டு வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே வாங்க மாமா என்றேன். வாசற்படியைத் தாண்டி அங்கேயே பலகையில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

"பாப்பா, நீதான் கணக்குப் போட்டியாமே," என்றார் மகளிடம்.

"ஆமா பெரியப்பா."

"நாப்பத்திரண்டாம்ல."

"ஆமா."

"ரோட்டுப் பலகையில இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "எனக்குக் கணக்குத் தெரியாது. நீ சொல்லு. இருபத்தஞ்சுல வந்திருந்தா அந்தக் கோடு எம்மாந்தூரம் வந்திருக்கும்?"

நான் நடுவில் விழுந்தேன். "அவளுக்குப் பரீட்ச இருக்கு மாமா, படிக்கணும்."

"ஒரு கணக்குத்தானே. சொல்லிட்டுப் படிக்கட்டும்."

தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். சொல்லு என்றா, வேண்டாம் என்றா, எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இருபத்தஞ்சப் பத்தால பிரிச்சா ரெண்டரை. ரெண்டரையையும் ரெண்டரையையும் பெருக்கணும் பெரியப்பா. ஆறேகால்."

"ஆறேகால் மீற்றர்."

"ஆமா."

"அவ நின்னது பத்துல."

"...ஆமா."

"அப்ப வண்டி நின்னுருக்கும்."

அடுப்பில் விறகு வெடித்தது.

"நின்னுருக்கும் பெரியப்பா," என்றாள் மகள். "அவங்களுக்கு முன்னாடி மூணே முக்கால் மீற்றர் இருக்கையிலயே நின்னுருக்கும்."

"மூணே முக்கால் மீற்றர்னா எம்புட்டு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். லயத்துக் காம்பரா பன்னிரண்டு அடிதான். "இந்தக் காம்பரா நீளம் இருக்கும்."

பெருமாள் மாமா தலையைத் தூக்கினார். தன் கால் இருந்த வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் தரையை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார். கண் போய் முடிந்த இடத்தில் என் வீட்டுக்காரர் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் வாயால் எதுவும் சொல்வதில்லை. இரண்டு கையையும் நீட்டுவார்கள். பறிகொடுத்தவர் அந்தக் கையைத் தொடுவார். கேதம் கேட்பது என்று சொல்வோம். லயத்தில் எல்லாக் காம்பராவும் போய்க் கேட்டது. கருமாதிக்கும் போனது. நாங்கள் ஒரு வீடுதான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

என் வீட்டுக்காரர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். பின்சுவரிலிருந்து வாசல் வரை நடந்து வந்தார். அவ்வளவு சின்ன இடத்தைக் கடக்க ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைத்ததில்லை. பெருமாள் மாமாவுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டினார்.

"அண்ணே."

மாமா அந்தக் கைகளைப் பார்த்தார். அவருடைய இரண்டு கையிலும் டம்ளர் இருந்தது. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பக்கத்தில், பலகையில், டம்ளர் வைக்க இடம் இருந்தது.

அவர் குடிக்கவும் இல்லை. கீழே வைக்கவும் இல்லை.